நான் சந்தேகித்த புரதம்

பி-97 என்பது ஒரு புரதத்தின் பெயர். உயிர்வேதியியல் பேராசிரியராக நான் இருந்த காலத்தின் பெரும்பகுதியை அதனுடன்தான் கழித்தேன். அது ஈஸ்டிலும் இருக்கிறது, நெற்பயிரிலும் இருக்கிறது, மனித செல்களிலும் இருக்கிறது. பரிணாமத்தின் இத்தனை நீண்ட பாதையில் அதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை. அவ்வாறு மாறாமல் காக்கப்பட்டவற்றை எங்கள் துறையில் தனி மரியாதையோடு பார்ப்போம். உயிருக்கு அது இல்லாமல் முடியாது, அதனால்தான் இயற்கை அதில் கைவைக்கவில்லை என்று பொருள்.

செல்லின் எரிபொருளுக்கு ஏ.டி.பி. என்று பெயர். அதை உடைத்து, அதில் கிடைக்கும் ஆற்றலால் வேலை செய்யும் புரதங்கள் ஏ.டி.பி.யேஸ் எனப்படும். பி-97 அவற்றுள் ஒன்று. ஒரே மாதிரியான ஆறு துண்டுகள் சேர்ந்த வளையம். தவறாக மடிந்து, சிக்கிக்கொண்டு கிடக்கும் புரதங்களை அது பற்றி இழுத்து, முடிச்சவிழ்த்து, அவற்றை அரைத்து அழிக்கும் இயந்திரத்திடம் ஒப்படைக்கிறது. ஒரு வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பவர் செய்யும் வேலை.

என் மனைவி சுகுணாவின் நோயில் இந்தப் புரதத்தின்மேல் நான் ஒரு குற்றம் சாட்டினேன். அது தவறு என்று எனக்குத் தெரியவந்த விதத்தைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். இதே நோயோடு இதே போன்ற வராந்தாக்களில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஏதேனும் ஓரிடம் பயன்படக்கூடும்.

முதுகுவலியில் தொடங்கியது. சுகுணா பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கரும்பலகை முன் நின்று நின்று வந்த வலி என்றாள். குரோம்பேட்டையில் எலும்பு மருத்துவர் ஒருவர் இடுப்புக்கு பெல்ட் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு ஆராதனைக்கு வந்தாள், பாடகர் குழுவில் நின்று பாடினாள். ஒருநாள் குனிந்து பால் பாக்கெட்டை எடுத்தவளால் நிமிர முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒரு முதுகெலும்பு நனைந்த பிஸ்கட்டைப் போல நசுங்கியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் ரத்தம் குறைந்திருந்தது. ஒரு புரதம் மட்டும் மிகுந்திருந்தது. அந்த அறிக்கையை மருத்துவர் படிப்பதற்கு முன் நான் படித்துவிட்டேன். படித்த பின் அதை மடித்து உறையில் வைக்கச் சற்று நேரமாயிற்று.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை என்பது இடுப்பெலும்பில் தடித்த ஊசியைத் திருகி உள்ளேயிருக்கும் மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பது. மரத்துப்போக மருந்து போடுவார்கள். ஆனாலும் உறிஞ்சும் கணத்தில் வலிக்கும். சுகுணா வெளியே வந்ததும், “போர் போட்டுட்டாங்க. தண்ணி வந்துச்சான்னு கேட்டுச் சொல்லுங்க” என்றாள்.

மல்டிபிள் மைலோமா என்றார்கள். நோயெதிர்ப்புப் புரதங்களைச் செய்து கொடுக்கும் பிளாஸ்மா செல்கள் மஜ்ஜையில் உண்டு. அவற்றுள் ஒன்று கட்டுப்பாடிழந்து பெருகி, ஒரே புரதத்தை ஓயாமல் செய்து ரத்தத்தில் கொட்டுகிறது. எலும்பு அரிக்கப்படுகிறது, ரத்தம் குறைகிறது, சிறுநீரகம் தளர்கிறது. ரத்தத்தில் அந்தப் புரதத்தின் அளவைப் பார்த்தே நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணிக்கிறார்கள்.

இவ்வளவு புரதம் செய்யும் செல்லில் பழுதும் அவ்வளவு விழும். பழுதை அகற்றாவிட்டால் அந்தச் செல் தன் குப்பையிலேயே திணறிச் செத்துவிடும். ஆகவே அரைக்கும் இயந்திரத்தை நிறுத்துவதுதான் சுகுணாவுக்குக் கொடுத்த மருந்தின் வேலை. இதிலிருந்து இன்னொன்றும் பெறப்படும்: அந்த இயந்திரத்துக்குப் பழுதை இழுத்துக் கொடுக்கும் பி-97ஐ, புற்றுநோய் செல் மற்ற செல்களைவிடக் கூடுதலாக நம்பி வாழ்கிறது. நான் நேர்மையானது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்று, என் மனைவியின் எலும்புக்குள் எதிராளிக்கும் அதே நேர்மையோடு வேலை செய்துகொண்டிருந்தது.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய மருத்துவமனை. பெயர் இங்கே தேவையில்லை. பகல்நேரச் சிகிச்சைப் பிரிவின் வெளியே வரிசையாக நாற்காலிகள். ஒலியை நிறுத்திவிட்ட தொலைக்காட்சி. டோக்கன் எண் மாறும்போதெல்லாம் எல்லாத் தலைகளும் ஒருசேர நிமிரும், பிறகு ஒரு தலையைத் தவிர மற்றவை தாழும். அருகே இறங்கும் விமானம் ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி அதிரும். வாரந்தோறும் சந்தித்ததால் அங்கிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்களானோம். யாராவது ஒரு வாரம் வராவிட்டால் காரணம் கேட்பதில்லை என்பது எழுதப்படாத ஒழுங்கு.

சுகுணாவின் தம்பி டேவிட் காரில் அழைத்துப்போவான். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறை வைத்திருப்பவன். நகக்கண்ணில் கிரீஸ் கறையோடு அப்படியே வந்துவிடுவான், கையில் இளநீர் இருக்கும். மகள் ஷீலா வங்கி அதிகாரி. காப்பீடு, பில், மருந்துக்கடை எல்லாம் அவள் பொறுப்பு. “நீங்க அம்மா கூட இருங்கப்பா, கவுன்ட்டர் வேலைய நான் பாத்துக்கிறேன்” என்பாள். அந்த மாதங்களில் எந்தக் கவுன்ட்டர் முன்னாலும் நான் நின்றதில்லை. அதைப் பெரிய அன்பு என்று எடுத்துக்கொண்டேன்; அன்பாகவும் இருந்திருக்கலாம்.

முதல் சுற்று ஊசிகள் நன்றாக வேலை செய்தன. ரத்தத்தில் அந்தப் புரதம் இறங்கியது. அதன்பின் நோயைக் கட்டுக்குள் வைக்க, அதே வகை மருந்தைக் கேப்சூலாக வாரம் ஒன்று வெறும் வயிற்றில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டிலேயே கொடுக்கலாம். அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

புதன்கிழமை காலை, கையுறை அணிந்து, அட்டையிலிருந்து கேப்சூலை ஒரு சிறு கிண்ணத்தில் விட்டு, தண்ணீரோடு அவளிடம் கொடுப்பேன். இது திறக்கக் கூடாத மருந்து, கருவுற்ற பெண்கள் தொடவே கூடாது, எங்கள் வீட்டில் பெருக்கித் துடைக்கும் லட்சுமி மாசமாக இருப்பதால் குப்பையில்கூட விழக்கூடாது என்று முதல் நாளே விளக்கியிருந்தேன். சுகுணா ஒரு மாணவியைப் போலத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். அவள் கிண்ணத்தை வாங்கியதும் நான் சுவர் நாட்காட்டிப் பக்கம் திரும்பி அன்றைய தேதியில் ஒரு டிக் போடுவேன். ஆய்வகத்தில் வந்த பழக்கம்.

கேப்சூல் நாளன்று வாந்தி வந்தது. பாதங்கள் மரத்தன; இந்த மருந்து நரம்பு நுனிகளைப் பாதிப்பதுண்டு. ஒரு ஞாயிறு ஆலயப் படியேறியபோது அவளது செருப்பொன்று கழன்று கீழ்ப்படியில் கிடந்தது. அவளுக்குத் தெரியவில்லை. ஒற்றைச் செருப்போடு பாடகர் குழுவின் இடம்வரை நடந்துபோய்விட்டாள். பின்னால் வந்த ஒரு சிறுமி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். அன்று அவள் பாடவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு எல்லாம் சரியாயிற்று. வாந்தி நின்றது. பாதத்தில் உணர்ச்சி மெல்லத் திரும்பியது. சிட்லபாக்கம் ஏரிக்கரை நடைபாதையில் என் கையைப் பிடிக்காமல் நடந்தாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தாள், தப்பாகப் போட்டால் திட்டினாள். மீன் குழம்பின் ருசி திரும்ப வந்துவிட்டது என்றாள். உடல் மருந்துக்குப் பழகிவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். ஓய்வு பெற்றபின் நாங்கள் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அந்த மாதங்களே மிக நல்லவை என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த பரிசோதனையில் புரதத்தின் அளவு ஏறியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் ஏறியது.

மருத்துவர் இளம்பெண், அளந்து பேசுபவர். அறிக்கையைப் பார்த்துவிட்டு முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்: “கேப்சூல் ஒரு வாரம்கூட விடாம எடுத்துக்கிட்டாங்களா சார்?”

“என் கையால் கொடுக்கிறேன் டாக்டர். ஒரு வாரமும் தவறியதில்லை” என்றேன்.

அறையில் சுகுணா இருந்தாள். ஷீலா இருந்தாள். டேவிட் கதவருகே சாய்ந்து நின்றான். ஷீலா கோப்பின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

மருந்துக்கு நோய் பணியாமல் போய்விட்டது என்ற முடிவுக்கு மருத்துவர் வந்தார். ஏன் பணியவில்லை என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பி-97தான் என்று தோன்றியது. அரைக்கும் இயந்திரத்தை மருந்து நிறுத்தினாலும், பழுதை இழுத்துப் பிரிக்கும் வேலையைப் பெருக்கிக்கொண்டு செல் தப்பிக்கக்கூடும். கோட்பாட்டளவில் அது பிழையன்று. பல நாட்கள் உட்கார்ந்து படித்தேன். பி-97ஐத் தடுக்கும் மருந்து நோயாளிக்குக் கொடுக்கும் நிலைக்கு வந்திருக்கிறதா என்று பழைய மாணவர்களைத் தொலைபேசியில் கேட்டேன், வரவில்லை என்றார்கள். சாப்பாட்டு மேசையில் ஷீலாவுக்கும் டேவிட்டுக்கும் படம் வரைந்து விளக்கினேன். என் வாழ்நாளெல்லாம் நான் போற்றிய புரதம் எனக்குத் துரோகம் செய்துவிட்டது என்றுகூட ஒருமுறை சொன்னேன். உணர்ச்சி மிகுந்த அந்தச் சொல்லை நான் வழக்கமாகப் பயன்படுத்துவதில்லை. சுகுணா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

வேறு மருந்துக்கு மாற்றினார்கள். இது நரம்பு வழியாக மணிக்கணக்கில் சொட்டுச்சொட்டாக இறங்குவது. கேப்சூலைவிடக் கடுமையானது. நரம்பு கிடைக்காமல் செவிலியர் கையைத் தட்டித் தட்டித் தேடுவார்கள். புறங்கை முழுதும் நீலம் பாரித்தது. மறுநாள் எழ முடியாது, அதற்கு மறுநாளும் முடியாது. அவள் ஒருமுறையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கார் வந்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு ஏறினாள். நோயெதிர்ப்பு குறைந்து, கடைசியில் நுரையீரலில் தொற்று வந்தது. வார்டில் சேர்த்தோம். இரவில் அவளது மூச்சை எண்ணாமலிருக்க முயன்றபடி பக்கத்து நாற்காலியில் இருப்பேன். விழித்திருந்தால், “தூங்குங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்” என்பாள்.

அங்கேதான் அது தெரியவந்தது. ஷீலா வங்கிக்குப் போயிருந்தாள். ஏதோ ஒரு மருந்துக்காக என்னையே கீழ்த்தளத்து மருந்தகத்துக்குப் போகச் சொன்னார்கள். நோயாளியின் பெயரைச் சொன்னதும் அங்கிருந்த பெண் உள்ளே போய் ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவை எடுத்துவந்தார். கழுவித் துடைத்திருந்தது.

“சார், இது உங்க வீட்டு டப்பாதானே? மருந்து மாத்தினப்ப குடுத்த மிச்சக் கேப்சூலெல்லாம் டிஸ்போஸ் பண்ணிட்டோம். டப்பாவத் தூக்கிப் போட மனசு வரல, பேர் வெட்டியிருக்குது. உங்க பொண்ணு வந்தா குடுக்கலாம்னு வச்சிருந்தேன்.”

எந்தக் கேப்சூல் என்று கேட்டேன். வாரக் கேப்சூல்தான் என்றார். வீட்டில் மாசமாயிருக்கிற பெண் வேலை செய்வதால் குப்பையில் போடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம்; அதனால் மகள் பொறுப்பாகக் கொண்டுவந்து கொடுத்தாளாம். எல்லா நோயாளிகளும் இவ்வளவு கவனமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். அவர் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

டப்பாவின் மூடியில் ‘சுகுணா’ என்று வெட்டியிருந்தது. ஷீலாவின் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கியபோது கடையில் நின்று நான்தான் எழுத்தைச் சரிபார்த்தேன்.

மாடிப்படியில் டேவிட் எதிர்ப்பட்டான். என் கையிலிருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டான். உனக்கும் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும் மாமா. அந்த செருப்பு வுழுந்துச்சே, அதுக்கு மறுவாரமே அக்கா நிறுத்திட்டாங்க. சத்தியம் வாங்கிட்டாங்க, நான் இன்னா பண்றது?” அவன் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். “நீங்க அந்த புரோட்டீனைத் திட்டிக்கினே இருந்தீங்களா, எனக்கே அது மேல பாவமா பூடுச்சு மாமா.”

நான் அறைக்குப் போனேன். சுகுணா ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்து அமர்ந்திருந்தாள். டப்பாவை அவள் பக்கத்தில் மேசைமேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீங்க காலண்டர் பக்கம் திரும்புவீங்க இல்ல, அப்பத்தான்” என்றாள். நான் கேட்பதற்கு முன்பே.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“சொன்னா ஏன்னு கேப்பீங்க. நான் ஒரு காரணம் சொன்னா, அதுக்கு உங்ககிட்ட ஒரு பதில் இருக்கும். சரியான பதிலாத்தான் இருக்கும். அதக் கேட்டுட்டு மறுபடியும் அத முழுங்குவேன். எனக்குத் தரை தெரியணும்ங்க, நடக்கும்போது. அவ்வளவுதான்.”

மருத்துவரிடம் நான் பொய் சொல்லும்படி ஆகிவிட்டது என்றேன். அந்தப் பொய்யை நம்பித்தான் இந்தக் கடுமையான மருந்தைக் கொடுத்தார்கள், அதனால்தான் இந்தத் தொற்று என்றேன். இதெல்லாம் தெரிந்தும் அந்த நரம்பு மருந்துக்கு ஏன் உடன்பட்டாய் என்றும் கேட்டேன். என் குரல் உயரவில்லை. நானே அதைக் கவனித்தேன்.

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினாள்.

“உங்ககிட்ட சொல்றதவிட, போட்டுக்கிறது சுலபமா இருந்துச்சு.”

இதைவிடக் கடுமையான ஒன்றை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அவள் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆய்வகத்தில் பிழை நேரலாம். கருவி கெடலாம், மாதிரி மாறிப்போகலாம். நோயாளி விழுங்காத மருந்துக்கு நோய் பணியவில்லை என்று முடிவெடுத்து, அதற்குக் காரணமும் கண்டுபிடித்து, சாப்பாட்டு மேசையில் படம் வரைந்த ஒருவனை மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷீலா அந்தப் படத்தைப் பார்த்துக் கேள்விகூடக் கேட்டாள். அம்புக்குறி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டாள். ஏரிக்கரையில் நடந்த நல்ல மாதங்களும் இந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டன. மருந்து வெற்றி பெற்றதாக நான் மகிழ்ந்த ஒவ்வொரு காலையும் மருந்து நின்றுபோன காலை. அவளுடைய மகிழ்ச்சி உண்மை. என்னுடையதற்குத்தான் அடிப்படை இல்லை.

அன்று மாலை மருத்துவரின் அறைக்குப் போய், நான் கொடுத்த தகவல் தவறு, கோப்பில் திருத்தவேண்டும் என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். அப்படியானால் பழைய மருந்துக்கு நோய் இன்னமும் பணியக்கூடும் என்றார். தொற்று தணிந்ததும் அளவைக் குறைத்து மீண்டும் தொடங்கலாம், எத்தனை காலம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் காலம் கிடைக்க வாய்ப்பு உண்டு என்றார்.  எப்போது தொடங்கலாம் என்று கேட்டேன்.

“சார், இந்தத் தடவை அவங்ககிட்டயே நேராக் கேக்கலாமா?” என்றார் மருத்துவர்.

இருவரும் வார்டுக்குப் போனோம். ஷீலா வங்கியிலிருந்து வந்திருந்தாள். மேசைமேல் டப்பாவைப் பார்த்துவிட்டு, நனைந்த முகத்தைத் துடைக்காமல் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். மருத்துவர் எதையும் மறைக்காமல் சுகுணாவுக்குச் சொன்னார்: பழைய மருந்து, குறைந்த அளவு, கிடைக்கக்கூடிய காலம், பாதம் மீண்டும் மரத்துப்போகலாம் என்பது. நான் பேசத் தொடங்கினேன். அளவைக் குறைத்தால் நரம்புப் பாதிப்பும் குறையும் என்பதை விளக்கத் தொடங்கினேன். சுகுணா குழாய் செருகிய கையைச் சற்றே உயர்த்தினாள். வகுப்பில் பின்வரிசையை அமைதிப்படுத்த அவள் செய்வது அது.

“வேணாம் டாக்டர். இவருக்காக ஒரு மருந்து போட்டுக்கிட்டேன். போதும். வீட்டுக்குப் போறேன்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “இப்ப உங்ககிட்டதான் சொல்றேன். கேட்டுச்சா?” என்றாள்.

கேட்டது என்றேன்.

தொற்று ஓரளவு தணிந்ததும் வீட்டுக்கு அழைத்துவந்தோம். வலிக்கு மட்டும் மருந்து. சன்னலோரம் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். சேர்ந்து பாட முடியாதவளுக்காகப் பாடகர் குழுவினர் ஒரு மாலை வந்து கூடத்தில் நின்று பாடினார்கள். அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. கேப்சூலைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. ஒரே ஒருமுறை, நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, “உங்க புரோட்டீன்கிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?” என்றாள். இல்லை என்றேன். “கேட்டுடுங்க, பாவம்” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் சிரித்தாளா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மழைக்காலம் முடியும்முன் இறந்துபோனாள், பகலில், ஷீலா அவள் பாதங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது.

மருந்தை விடாமல் எடுத்திருந்தால் நோய் அடங்கியிருக்குமா, அல்லது ஒருநாள் பி-97 உண்மையாகவே அதற்குத் துணைபோயிருக்குமா என்பதை இனி யாரும் அறிய முடியாது. அந்தச் சோதனை நடக்கவே இல்லை. நோயாளியின் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: மருந்து வேலை செய்கிறதா என்று கேட்பதற்குமுன், அது உள்ளே போகிறதா என்று கேளுங்கள். அதைச் சொல்லத் துணியும் நிலையில் அவர்கள் இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. அதற்கு எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் அறிக்கை கிடைக்காது.

ஷீலா ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து சாப்பாடு கொண்டுவருகிறாள். டேவிட் வாசலிலேயே நின்று, பட்டறையில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போய்விடுகிறான். போன வாரம் ஷீலா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வெகுநேரம் விரலால் மேசையில் எதையோ கீறிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, எங்க மேல இன்னும் கோவமா?”

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக, மறுக்க முடியாத வரிசையில் அது மனத்தில் அமைந்தும் விட்டது. அம்புக்குறியைப் பற்றி அவள் கேட்டதும் அதில் இருந்தது.

“ஆமாம்” என்றேன்.

அவள் காரணத்துக்காகக் காத்திருந்தாள். நான் சொல்லவில்லை. அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். குழம்புப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.